ஸ்டென்சில் ஓவியப் பயிற்சி: நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறையில் நூலகத்துக்கு வரும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் துணிப்பையில் ஸ்டென்சில் ஓவியம், அதாவது ஷீட்டில் வெட்டிய வடிவத்தின் வழியாக வண்ணம் ஒற்றுவது, அருமையான வேலை. செலவு குறைவு, ஓவியம் வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் உருப்படியாக ஒன்று கிடைக்கும். ஆனால் பெரியவர்களே பூவும் பட்டாம்பூச்சியும் வெட்டி வைத்துவிட்டு, ‘வண்ணம் மட்டும் அடிங்க’ என்று கொடுத்துவிடுவது பெரிய தவறு. ஆறு வயதுக் குழந்தைக்கு அது போதும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயர், பிடித்த வரி, தான் வரைந்த முகம்தான் வேண்டும். வடிவத்தை அவர்களே யோசித்து, அவர்களே வெட்டட்டும்.

அங்கேதான் அடுத்த சிக்கல். ‘அ’வை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டு கழன்று விழுந்துவிடும், வண்ணம் அடித்ததும் சுழி முழுவதும் அடைத்துக்கொள்ளும். ‘ண’, ‘ன’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உள்துண்டை வெளித்தாளோடு பிடித்து வைக்க, இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஓரிரு பாலங்களை விட்டு வெட்ட வேண்டும். வாசலில் போடும் கோல அச்சைப் பாருங்கள்: கோடு முழுதாக வெட்டப்பட்டிருக்காது, வரிசையாகத் துளைகள்தான் இருக்கும். துளைகளுக்கு நடுவே உள்ள தகடுதான் பாலம். சிக்குக் கோலத்தை அப்படியே கோடாக வெட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த அச்சை ஒருமுறை காட்டினால் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வெட்டுவதற்குச் சார்ட் பேப்பர் வேண்டாம். ஈரம் ஏறி ஓரம் நைந்துவிடும். ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) நல்லது, பழைய எக்ஸ்ரே படம் இன்னும் உறுதி. மழுங்கிய பிளேடுதான் விரலைப் பதம் பார்க்கும். அழுத்தி இழுக்கும்போது வழுக்கும். புதுப் பிளேடு போடுங்கள், அடியில் தடித்த அட்டை வையுங்கள். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் ஷீட்டைத் திருப்பச் சொல்லுங்கள். சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டிவிட்டுப் பெரியவற்றுக்குப் போனால் ஷீட் தளராது.

இவ்வளவு பொறுமையாக வெட்டியதை வண்ணம் அடிக்கும் அந்த ஐந்து நிமிடம் பாழாக்கிவிடும். காரணம் ஒன்றே ஒன்று: அதிக வண்ணம், அதோடு தண்ணீர். நீர்த்த வண்ணம் ஷீட்டுக்கு அடியில் ஊறி ஓரமெல்லாம் கசிந்துவிடும். துணி வண்ணத்தைத் தண்ணீர் கலக்காமல் தட்டில் எடுத்து, ஸ்பாஞ்சை அதில் லேசாகத் தொட்டு, முதலில் செய்தித்தாளில் நாலைந்து முறை ஒற்ற வேண்டும். ‘இதில் வண்ணமே இல்லையே’ என்று பிள்ளைகள் கேட்கும் அளவுக்குக் காய்ந்திருப்பதுதான் சரியான பதம். பிறகு ஸ்பாஞ்சை நேர்மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் தேய்த்தால் வண்ணம் ஓரத்துக்கு அடியில் நுழையும். நிறம் வெளுப்பாக இருந்தால் காயவிட்டு இன்னொரு சுற்று ஒற்றலாம்.

பைக்குள் அட்டை வைக்க மறந்தால் பின்பக்கமும் வண்ணம் இறங்கும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். முந்தைய நாளே அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டால் வண்ணம் நன்றாகப் பிடிக்கும். ஷீட்டின் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஸ்பிரே பெயிண்டை மட்டும் நூலகத்துக்குள் அனுமதிக்கவே கூடாது. நெடி தலைவலி தரும், காற்றில் பறக்கும் துகள் அடுத்த மேசைப் புத்தகத்தில் படியும்.

அடித்து முடித்ததும் ஷீட்டை உடனே நேராகத் தூக்க வேண்டும். இழுத்தால் தீற்றிவிடும். அடுத்த பைக்கு வைக்கும் முன் அடிப்பக்கத்தையும் துடைத்தாக வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது நிறம் அடிக்க அவசரம் வேண்டாம், முதல் நிறம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும்.

பையை அன்றே துவைத்துவிட்டு ‘சாயம் போயிடுச்சு’ என்று பிள்ளைகள் வருத்தப்படுவது வழக்கம். வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்: ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும், பிறகு ஓவியத்தின் மேல் மெல்லிய துணி விரித்து இஸ்திரி போடட்டும், மூன்று நாள் கழித்துத் துவைக்கட்டும்.