நாசி பெச்செலின் பிறப்பிடத்தை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவித்த கீரை, முளைப்பயறு, காராமணிக்காய் ஆகியவற்றைச் சோற்றின்மேல் பரப்பி, நிலக்கடலைச் சாந்தை ஊற்றி, ஈர்க்குச்சி குத்திய வாழையிலையில் தரப்படும் ஜாவாத் தீவின் உணவு நாசி பெச்செல். அது எந்த ஊருக்குரியது என்று எழுத வரும் புதியவர்களின் வரைவுகளைத் திருத்தும்போது, நான் தொடக்கத்தில் எழுதிய அதே பிழைகளைக் காண்கிறேன். எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கடலையை மஜாபாகித் அரண்மனைக்குள் கொண்டுசெல்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஜாவாவை ஆண்ட மஜாபாகித் அரசு 1293இல் தோன்றி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. நிலக்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள்; ஐரோப்பியரின் கடல்வழி வணிகம் தொடங்கிய பின்னரே அவை ஆசியாவை அடைந்தன. ஆயினும், 1350 முதல் 1389 வரை ஆண்ட ஹயாம் வூருக் மன்னர் கடலைச் சாந்துடன் பெச்செல் உண்டதாக ஓர் உணவு விழாவுக்கு அட்டை அச்சிட்டிருந்தார்கள். விருந்தினர் ஒருவர், அந்தக் கடலை எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டதும் அட்டைகள் அனைத்தும் குப்பைக்குப் போயின; மறு அச்சுக்கான செலவு எழுதியவரின் ஊதியத்தில் பிடிக்கப்பட்டது.

அவித்த இலைகளை உண்ணும் வழக்கம் மிகப் பழையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வழக்கத்தின் வயதை இன்றைய சாந்துக்கும் சேர்த்து எழுதுவதையே மறுக்கிறேன். சோலோ நகரில் பெச்செல் ன்டெசோ என்று சிவப்பரிசிச் சோற்றுடன் கறுப்பு எள் சாந்தைத் தருகிறார்கள். கடலைதான் பெச்செலின் உயிர் என்று எழுதுபவர் முதலில் அந்த எள்ளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடலை, எள், கச்சோலம், புளி, ஜாவா வெல்லம் என ஒவ்வொன்றின் வரவையும் தனித்தனியே விசாரித்த பிறகே நூற்றாண்டைக் குறிப்பிடுவது முறை.

மதியூனோடு முடித்துவிடுவது

மதியூன் நகரம் பெச்செலுக்குப் பெயர்பெற்றது. வெந்நீரில் கரைத்தால் போதும் என்னும் உலர்ந்த சாந்துக் கட்டி கெடாமல் தொலைதூரம் செல்வதால், உறையில் உள்ள ஊர்ப்பெயரும் அதனுடன் பரவியது. சந்தையில் ஒரு பெயர் வென்றதைப் பிறப்புச் சான்றாகக் கொள்ள இயலாது. அருகிலுள்ள கெடிரியில், அளவுக்கு மீறிப் புளித்த டெம்பேயில் (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) செய்யும் சம்பல் தும்பாங்கையும் சேர்த்து ஊற்றுவார்கள். பன்யூமாஸ் பகுதியில் இஞ்சி இனத்துக் கெசோம்ப்ராங் பூ சேரும். சுரபாயாவின் செமாங்கியோ ஆரைக்கீரை இனத்து இலையை அவித்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு கலந்த சாந்துடன் தருவது. அதற்குத் துணை சோறன்று, அரிசி அப்பளம். இவற்றுள் ஒன்றை மூலமென்றும் மற்றவற்றை நகலென்றும் எழுதுவதற்குச் சான்று வேண்டும். நம் ஊர் அகத்திப்பூவைப் பெச்செலில் காணும் தமிழர் சிலர் உடனே சோழர் படையெடுப்பை இழுப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கடோ-கடோவின் மறுபெயர் என்பது

அன்று. கடலைச் சாந்து கலந்த காய்கறி உணவான கடோ-கடோ ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களுடையது.

பெச்செல் லேலேயைச் சேர்ப்பது

அது பொரித்த கெளுத்தி மீனும் மிளகாய்ச் சம்பலும். லமோங்கான் ஊராரின் சாலையோரக் கடைகளால் புகழ்பெற்றது. கடலைச் சாந்துக்கு அங்கே வேலையில்லை.

ஜாவாவுக்கு வெளியே இல்லை என்பது

1890 முதல் டச்சுக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கொண்டுசென்ற ஜாவானியரின் வழியினர் இன்றும் அங்கே இதைச் சமைக்கிறார்கள்.