ஒரு பள்ளியை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்குவது எப்படி?

எந்தக் குழந்தையையும் வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது என்பது இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான தலைமையாசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அரசுப் பள்ளிகளும் அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் அந்தக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு அந்தக் குழந்தை வகுப்பின் மூலையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறது என்றால் அதைப் படிப்பு என்று சொல்ல முடியாது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் அரசின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராகப் பல ஆண்டுகள் பள்ளி பள்ளியாகச் சென்று வந்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, நாளையே ஏதாவது செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலையாக எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். உங்கள் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒருவரைத் தேர்ந்தெடுத்து, காலை வாசலில் நுழைவதிலிருந்து மாலை வீடு திரும்பும் வரை ஒரு முழு நாள் அவருடன் இருங்கள். எங்கே நிற்கிறார், எதற்காகக் காத்திருக்கிறார், யாரிடம் உதவி கேட்கிறார், எதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் என்ன குறை என்று பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, பள்ளியில் என்ன குறை என்பது அன்றுதான் தெரியவரும்.

நான் அப்படி உடனிருந்த ஒரு நாளை மறக்க முடியாது. மூளை முடக்குவாதம் உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமி அவள். காலை உணவு சாப்பிட்டாள், மதியம் சத்துணவும் சாப்பிட்டாள். ஆனால் மாலை நான்கு மணி வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "அம்மா குடிக்க வேணாம்னு சொல்லிருக்கு சார்" என்றாள். காரணம் கழிவறை. அங்கே சாய்தளம் இருந்தது, கைப்பிடி இருந்தது, ஆய்வு அறிக்கையில் 'வசதி உண்டு' என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கதவு உட்புறமாகத் திறந்தது. நடைவண்டியோடு உள்ளே போனால் கதவைச் சாத்த இடமில்லை. தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஊர்க் கொத்தனாரும் தச்சரும் ஒரே நாளில் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றி, தாழ்ப்பாளைக் கீழே இறக்கி, வாசற்படி மேட்டைச் சமன்செய்தார்கள்.

கட்டுமானத்தில் கவனிக்க வேண்டியவை

ஆகவே கழிவறையிலிருந்து தொடங்குங்கள். கதவின் திறப்பு 90 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். உட்காரும் வகைப் பீங்கானும், அதன் பக்கத்துச் சுவரில் உறுதியான கைப்பிடியும் தேவை. பல பள்ளிகளில் இந்தக் கழிவறை பூட்டப்பட்டு, சாவி அலுவலக அறையில் தொங்குகிறது, அல்லது உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் கிடக்கின்றன. பூட்டிக் கிடக்கும் கழிவறை கட்டாத கழிவறைதான்.

சாய்தளத்துக்கான கணக்கு எளியது. ஒரு மடங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும். வகுப்பறைத் தரை மூன்று படி உயரத்தில், அதாவது 45 செ.மீ. உயரத்தில் இருந்தால், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிட்டால், அது சக்கர நாற்காலியில் வரும் குழந்தையைப் பின்னால் சாய்க்கும் சறுக்கு மரமாகிவிடும். நேராக இடமில்லையென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். சாய்தளம் முடியும் இடத்தில் மணல் இருந்தால் சக்கரம் புதைந்துவிடும் என்பதால், வாசலிலிருந்து வகுப்பறை வரையிலும், அங்கிருந்து கழிவறை, தண்ணீர்க் குழாய், உணவு பரிமாறும் இடம் வரையிலும் கெட்டியான பாதை போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒருவரின் பெற்றோர் இருந்தால், தீர்மானம் தாளோடு நின்றுவிடாது.

யாருக்கு என்ன தேவை என்று கண்டறிதல்

சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரியும்; மற்ற பல தேவைகள் தெரியாது. எல்லாவற்றையும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதும் மாணவனுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று முடிவுகட்டும் முன், அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். பார்வைப் பரிசோதனை அட்டையை ஆறு மீட்டர் தூரத்தில் மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வதற்கு ஒரு வகுப்புக்கு ஒரு பிற்பகல் போதும். முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டும் பதில் சொல்லும் குழந்தை, காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தை, பேச்சில் சில ஒலிகளையே விட்டுவிடும் குழந்தை ஆகியோரின் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். ஐயமுள்ள பெயர்களைச் சிறப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமுக்கு அனுப்புங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஆசிரியர் தாமாகவே ஆட்டிசம் என்றோ டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்றோ பெயர் சூட்டக் கூடாது. கண்டதைக் கண்டபடி எழுதுவது நம் வேலை, பெயரிடுவது மருத்துவரின் வேலை. அதேபோல் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளது என்ற மருத்துவச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று உதவியைத் தள்ளிப்போடவும் கூடாது. சான்றிதழ் அரசின் சலுகைகளுக்குத் தேவை. முன்வரிசையில் உட்கார வைக்க அது தேவையில்லை. பெற்றோரை அழைத்துப் பேசும்போது தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். குழந்தையின் குறைக்குத் தாயையே பழிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "உங்க பொண்ணு பாட்டு நல்லா பாடுதும்மா, ஆனா பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது, ஒருதரம் காதைப் பார்த்துட்டா நல்லது" என்று தொடங்கினால், அந்தத் தாய் அடுத்த முகாமுக்கு நிச்சயம் வருவார்.

வகுப்பறையில்

காது சரியாகக் கேட்காத குழந்தையை முன்வரிசையில் உட்கார வைப்பது பாதி வேலைதான். கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் ஆசிரியரின் சொல் அந்தக் குழந்தைக்குப் போய்ச்சேராது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. காதொலிக் கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் சத்தத்தையும் தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்தே பெரிதாக்கும். பார்வையற்ற குழந்தை இருக்கும் வகுப்பில் 'இதையும் இதையும் கூட்டினால் இது' என்பது பாடமே ஆகாது. எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே எழுதும் ஆசிரியரிடம் கடைசி வரிசைப் பிள்ளைகளும் நன்றாகப் படிப்பதை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

வாசிப்பில் தடுமாறும் குழந்தைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதிகம் அடி வாங்கியவர்களும் 'மக்கு' என்ற பட்டம் சுமந்தவர்களும் இவர்கள்தான். தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு, அதை நாம் பழக்கத்தால் மறந்துவிட்டோம். 'தே' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம், தகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் வாயில் 'த்' முதலில் வந்து 'ஏ' பின்னால் வருகிறது. 'கொ' என்பதிலோ ஒரே உயிரொலியின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கண் போகும் திசையும் ஒலி வரும் திசையும் மாறுவதால், சில குழந்தைகள் 'தேன்' என்பதைத் 'தன்' என்றும் 'தான்' என்றும் படிக்கிறார்கள். நான் செய்வது இது: மெய்யெழுத்து அட்டையை நடுவில் வைத்து, அதன் ஒலியை முதலில் சொல்ல வைப்பேன். பிறகு கொம்பை வேறு நிறத்தில் எழுதிய தனி அட்டையை இடப்பக்கம் கொண்டுவந்து ஒட்டி, இப்போது ஒலி என்னவாக மாறியது என்று கேட்பேன். குழந்தையே அட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்க்கும். நாளுக்கு இரண்டு எழுத்துகள், பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ண, ன, ந வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் ஒரே வாரத்தில் கலக்காமல், ஒன்று நிலைத்த பிறகு அடுத்ததைத் தொடங்க வேண்டும். அறிவியல் விடையில் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஒளிச்சேர்க்கை புரிந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. வகுப்பு முன்னிலையில் திடீரென்று எழுந்து வாசிக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லி அனுப்பலாம்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைக்கு அதே பாடத்தில் வேறு இலக்கு வையுங்கள். நான்காம் வகுப்பு சந்தைக் கணக்கில் மற்றவர்கள் மூன்றிலக்கத் தொகைகளைக் கூட்டும்போது, அவள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களைப் பிரித்து வைத்து, கடைக்காரராக அமர்ந்து மீதி கொடுக்கட்டும். சத்தத்துக்கு அஞ்சிக் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தை காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிற்கலாம். அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டினால், அடுத்து என்ன என்ற பதற்றம் அதற்குக் குறையும்.

துணைக்கு ஒரு மாணவரை நியமிக்கும் வழக்கம் நல்லதுதான், ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சலிப்பு வரும், உதவி பெறும் குழந்தைக்குக் கடன்பட்ட உணர்வு வரும். வாரம் ஒருவராக மாற்றுங்கள். உதவி பெறுபவருக்கும் தாள் பகிர்வது, நேரம் பார்த்து மணியடிப்பது போன்ற ஒரு பொறுப்பைக் கொடுங்கள். இருக்கைகளையும் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரே தெருப் பிள்ளைகள் தனித்து அமரும் சாதி வழக்கமும் உடையும். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை இருக்கைகளை அகரவரிசையில் அமைக்கச் சொல்வது இதை மனத்தில் கொண்டுதான்.

சிறப்பாசிரியரும் தேர்வுகளும்

என் போன்ற சிறப்பாசிரியர் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் வர முடியும். அந்த நேரத்தில் குழந்தையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்த் தனியாகப் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். வகுப்புக்குள்ளேயே என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் மாறி மாறி எழுதுங்கள். 'தீபாவளிக்குள் தன் பெயரைப் பார்க்காமல் எழுதுவாள்' என்பது போன்ற மூன்று இலக்குகள் அதில் இருந்தால், தனிநபர் கல்வித் திட்டம் என்று பெரிய பெயரில் அழைக்கப்படுவது தயாராகிவிட்டது.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுகளுக்கு அலைய நேரும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். இன்னொருவருக்குச் சொல்லி எழுத வைப்பது தனியே பழக வேண்டிய திறமை; அதைப் பத்தாம் வகுப்புத் தேர்வறையில் முதல்முறையாகச் செய்ய வைப்பது கொடுமை. ஆறாம் வகுப்பு வகுப்புத் தேர்விலிருந்தே பழக்குங்கள். மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு வழங்கப்படும் ஊக்கத்தொகை, பயணப்படி ஆகியவை வங்கிக் கணக்கு இல்லாத ஒரே காரணத்தால் நின்றுபோவதும் உண்டு; கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

முற்றிலும் காது கேளாத குழந்தைக்குச் சைகைமொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பறை, கூட்டத்துக்கு நடுவே தனிமைதான். 1890களிலிருந்து இயங்கும் பாளையங்கோட்டைக் காது கேளாதோர் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளில் அந்தக் குழந்தைக்கு மொழியும் நண்பர்களும் ஒருசேரக் கிடைக்கிறார்கள். 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. பெற்றோருக்கு இரண்டையும் விளக்குங்கள். ஆனால் 'எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது' என்பதை மறைக்கும் சாக்காக அந்த வழியைக் காட்டாதீர்கள்.

கடைசியாக, ஏப்ரலிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆண்டு எந்த வகுப்பு எந்த அறையில் என்று ஒதுக்கும் முன், தேர்ச்சி பெற்றுச் செல்லும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெயர்களை எடுத்து, அவர்களின் வகுப்புகளைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்களிடம் ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் இருந்தால், அந்த நூறு பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கு நேரில் சென்று ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, அங்குள்ள கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.