ஹைதரா, திப்புவா? ஒப்பிடும்போது சறுக்குகிற இடங்கள்

அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு. ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டுமாம். நோட்டின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகன் என்று பிரித்திருந்தான். திப்பு பக்கத்தில் முதல் வரி: லால்பாக் தோட்டம். "சரிதானே மாமா?"

பெங்களூரில் நம்மில் பலர் செய்கிற தப்பு இது. பழசாக எதைப் பார்த்தாலும் திப்பு கணக்கில் எழுதிவிடுகிறோம். லால்பாக்கைத் தொடங்கியது ஹைதர், 1760-இல். மார்க்கெட் பக்கத்துக் கோடை அரண்மனையையும் அவர்தான் கட்ட ஆரம்பித்தார். 1791-இல் முடித்தது மகன். ராக்கெட் படையும் அப்பா காலத்திலேயே உண்டு, திப்பு அதைப் பெருக்கினார்.

அடுத்து, 'அப்பா ஜெயித்தார், மகன் தோற்றார்' என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதுவது. 1769-இல் ஹைதர் மதராஸ் வாசல்வரை வந்து கும்பினியை (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி) ஒப்பந்தம் எழுதவைத்தார், உண்மை. ஆனால் 1781-இல் பரங்கிப்பேட்டையில் தோற்றதும் அவர்தான். திப்பு 1792-இல் பாதி நாட்டைக் கொடுத்து, 3.3 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். எதிரே நின்றது யார்? 1780-இல் ஹைதரோடு கூட்டுச் சேர்ந்த மராத்தியரும் நிஜாமும் 1790-இல் கும்பினி பக்கம். அந்தக் கூட்டு கலைந்ததில் திப்புவுக்கும் பங்குண்டு என்பேன். ஹைதர் மைசூர் ராஜா உடையாரைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டு அதிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். திப்பு பாதுஷா என்றே அறிவித்துக்கொண்டார். ஒப்பிடுவதாக இருந்தால் இதை ஒப்பிடலாம்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திப்புவோ கடிதம் கடிதமாக எழுதியவர், தான் கண்ட கனவைக்கூடக் குறித்துவைத்தார். மகன் மனதில் ஓடியது அவர் வாயாலேயே கிடைக்கிறது, அப்பாவுடையது அடுத்தவர் சொல்லித்தான். பிறகு 'திப்பு ஆழமானவர், ஹைதர் வெறும் சிப்பாய்' என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

மதச் சண்டையை இதில் இழுப்பவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 1791-இல் மராத்தியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குத் திப்பு உதவியதும் நடந்தது, குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றமும் நடந்தது. ஒன்று மற்றதை அழித்துவிடாது.

அப்புறம், யாருடைய நினைவு என்பது. தஞ்சாவூர்ப் பக்கம் 'ஹைதர் கலாபம்' என்றால் 1781-இல் ஊர் எரிந்த கதை. சிவகங்கைக்குப் போனால், வேலு நாச்சியாருக்கு அடைக்கலமும் படையும் கொடுத்தவர் அதே ஹைதர்.

பையன் லால்பாக்கை அழித்து அந்தப் பக்கம் மாற்றி எழுதிவிட்டான். இந்த இரண்டு ஊரையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறான்.