சூடு கூடிவிட்ட ஊரில் மாடித்தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் புதிதாக மாடித்தோட்டம் போடுபவர்களிடம் ஒரே மாதிரித் தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பலவும் ஆரம்பத்தில் நானும் செய்தவைதான். தண்ணீரை அள்ளி ஊற்றுவது, பையில் துளை போடாமல் விடுவது போன்றவை சீக்கிரமே தானாகப் புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். பருவம் மாறிவருவதைக் கணக்கில் கொள்ளாததால் வரும் தவறுகள்தான் கையைக் கடிப்பவை.

பூ கொட்டுகிறதே என்று உரம் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மாசி மாதம் நர்சரியில் தக்காளி நாற்று பசுமையாக அடுக்கியிருக்கும். வாங்கி வைப்பார்கள். செடி மளமளவென்று வளரும், ஏப்ரலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், அப்புறம் அத்தனையும் காம்போடு உதிரும். சத்து போதவில்லை என்று முடிவுகட்டி மீன் அமிலம், தேமோர்க் கரைசல், கடைக்காரர் கொடுக்கும் 'பூ டானிக்' என வரிசையாக ஊற்றுவார்கள்.

சிக்கல் சத்தில் இல்லை, இரவில் இருக்கிறது. தக்காளி நன்றாகக் காய் பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகப் போகக் காய்ப்பிடிப்பு குறையும். பகலும் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகிவிடும். சென்னையில் ஜனவரி இரவே 21 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது; மே மாதம் 27, 28. போதாததற்கு மொட்டைமாடி கான்கிரீட் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியே விடுகிறது. இப்படி விளிம்பில் நிற்கிற பயிருக்கு இரவு ஒரு டிகிரி கூடினாலும் பெரிய அடி.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வாரம் தவறாமல் உரம் போட்டார். தழைச்சத்து ஏறி இலை கரும்பச்சையானது, பூ இன்னும் கொட்டியது. பிறகு மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து இலை ஓரங்கள் கருகின. "எனக்குக் கைராசி இல்லை தம்பி" என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். கைராசி என்ன செய்யும்? அந்த மாதத்தில் யார் வைத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் விதையுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது செடி வேரூன்றி நிற்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கலாம். கோடையிலும் தக்காளி வேண்டும் என்றால் செர்ரி வகையை வையுங்கள், ஓரளவு தாங்கும். மற்றபடி அந்தப் பைகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். வெயில் அவற்றுக்குப் பகை இல்லை.

ஆப்பிள் கன்று வாங்குவது

சென்னையில் வேண்டாம்.

வெளிநாட்டு மண்டல எண்ணை நம்புவது

எந்த ஊர்க் குளிரை எந்தச் செடி தாங்கும் என்று எண் போட்டுக் காட்டும் தன் மண்டல வரைபடத்தை அமெரிக்க வேளாண் துறை 2023-இல் திருத்தியது. அந்த நாட்டில் ஏறக்குறைய பாதிப் பகுதி வெப்பமான அரை மண்டலத்துக்கு (ஒரு மண்டலத்தின் பாதிப் பிரிவு) நகர்ந்தது. ஆனால் அது ஆண்டின் மிகக் குளிரான இரவை மட்டுமே கணக்கிடுகிறது. குளிரில் செடி சாகும் ஊருக்கு அது போதும். நம் செடிகளை வாட்டுவது சூடு. யூடியூபில் எண்ணைப் பார்த்து விதை வாங்காதீர்கள்.

நிழல்வலையை ஆண்டு முழுக்க விடுவது

மழைக்காலம் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள்.

அவரையைச் சித்திரையில் விதைப்பது

பருவம்தான் குழம்பிவிட்டதே, எப்போது விதைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். வெயில் மாறலாம், மழை தள்ளிப்போகலாம். அந்தந்த மாதத்துக்குரிய பகல் பொழுதின் நீளம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறாது. பந்தலில் ஏறும் நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் போட்டால் மாதக்கணக்கில் கொடி மட்டும் ஓடும், அசுவினிப் பூச்சியும் ஏறும். ஆடியில் விதையுங்கள், மார்கழி, தையில் காய்க்கும். இடையில் அவரைக்காய் வேண்டுமென்றால் கடையில் செடி அவரை விதை கேட்டு வாங்குங்கள். அது பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை.