பார்சிலோனாவில் மூன்று இரவு, பிறகு ஒரு வாரம் கப்பல்: இருவருக்கான மத்தியதரைக் கடல் பயணத் திட்டம்

கப்பலில் போனால் ஒரே வாரத்தில் நான்கைந்து ஊர் பார்த்துவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். பார்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கையில் கிடைப்பது எட்டு, ஒன்பது மணி நேரம். தெருவிளக்கு எரியத் தொடங்கும்போது பெரும்பாலும் கப்பல் கிளம்பியிருக்கும். அதனால் முதல்முறை போகும் தம்பதிகளுக்கு நான் சொல்லும் திட்டம் இது: ஒரு பெரிய நகரத்தில் மூன்று இரவு நிதானமாகத் தங்குங்கள். பிறகு கப்பல் ஏறுங்கள். கப்பல் நிற்கும் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

படி 1: வழித்தடமும் மாதமும்

தொடங்குகிறவர்களுக்கு மேற்கு மத்தியதரைக் கடல் சுற்று வசதி. பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் அல்லது பலெர்மோ என்று போய், ஏழு இரவில் மீண்டும் பார்சிலோனாவுக்கே வந்து சேரும் கப்பல்கள் நிறைய. ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றே என்பதால் விமான டிக்கெட் போடுவதும் சுலபம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா அல்லது துபாய் வழியாகப் போகலாம்.

மே மாதமோ, செப்டம்பர் கடைசியோ நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்தும். நம் ஊர் வெயிலில் பழகியவர்களுக்கும், நேப்பிள்ஸ் அருகே எரிமலைச் சாம்பலில் புதைந்து மீண்ட பழைய நகரமான பாம்பெய், நிழலே இல்லாததால் கஷ்டம்தான்.

படி 2: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். மேலே சொன்ன திட்டத்தில் பார்சிலோனா நாட்கள் அதிகம் என்பதால் ஸ்பெயின். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடைக் காலத்தில் நேர்காணலுக்கு இடம் கிடைப்பது சிரமம், எனவே சீக்கிரம் தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். சில கப்பல்கள் நடுவில் துனிஸ் போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள துறைமுகத்தில் நிற்கும். அப்படியானால் ஒருமுறை நுழைவு விசா போதாது, பலமுறை நுழைவு விசா கேட்க வேண்டும். கப்பல் முன்பதிவுச் சீட்டில் துறைமுகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

படி 3: கேபின்

கப்பல் கட்டணத்தை ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அந்த வகையில் தம்பதிகளுக்கு லாபம். அதற்கு மேல் துறைமுக வரி, தினசரி சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம் ஆகியவை தனியாக வரும். முன்பதிவுக்கு முன்பே எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

ஜன்னல் இல்லாத உள் கேபின் மலிவு. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், இருவர் மட்டும் போகும் பயணத்துக்குக் கொடுக்கலாம் என்பேன். விடியற்காலை கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதை, காபிக் கோப்பையோடு நம் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனிச் சுகம். தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கே குறைவு.

சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். இரவு உணவுக்கு இருவர் மேசை வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

படி 4: பார்சிலோனாவில் மூன்று இரவு

கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. நகர நாட்களைக் கப்பலுக்கு முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டி வர ஒரு நாள் தாமதமானாலும் சமாளித்துவிடலாம்.

சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். 1882-ல் தொடங்கிய கட்டடம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும்வரை அதற்காக உழைத்தார். உள்ளே தூண்கள் மரம் போல மேலே போய்க் கிளை பிரிகின்றன. கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும். மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் சாயச் சாய, தரையில் விழும் ஆரஞ்சு நிறம் மெல்ல நகர்ந்து எதிர்த் தூண்களில் ஏறும். அவசரமாகப் படம் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள்.

மற்ற நாட்களில் கோதிக் குடியிருப்பின் சந்துகளில் நடங்கள். பழைய கதீட்ரலின் முற்றத்தில் 13 வெள்ளை வாத்துகள் வளர்க்கிறார்கள். 13 வயதில் உயிர்த்தியாகம் செய்ததாகச் சொல்லப்படும் புனித எவுலாலியாவின் நினைவாக அந்த எண்ணிக்கை. கௌடி வடிவமைத்த பூங்காவான பார்க் குவெலுக்கும் நேரம் குறித்த டிக்கெட் உண்டு.

மெட்ரோவில் தே-காசுவல் அட்டையை ஒருவர் மட்டுமே பயன்படுத்த முடியும். இருவர் பகிர்ந்துகொள்ள தே-ஃபமிலியார் அட்டை வாங்குங்கள். ராம்ப்ளா வீதியிலும் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் அதிகம், பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைக்கவே கூடாது. இரவு உணவு எட்டரைக்கு மேல்தான் சூடுபிடிக்கும். வேலை நாட்களின் மதியத்தில் கிடைக்கும் 'மெனு தெல் தியா' குறைந்த விலையில் நிறைவான சாப்பாடு.

படி 5: கப்பல் ஏறும் நாள்

இணையத்தில் செக்-இன் முடித்து, பெட்டிகளில் கட்டும் சீட்டுகளை அச்சிட்டு எடுத்துப் போங்கள். கொலம்பஸ் நினைவுத் தூண் பக்கத்திலிருந்து துறைமுகப் பேருந்து உண்டு என்றாலும், இரண்டு பெரிய பெட்டி இருந்தால் டாக்ஸியே மேல்.

முனையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள்; அவை கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்பது விதி. ஆபத்து நேரத்தில் நீங்கள் போய்க் கூட வேண்டிய இடம் எது என்று இருவருமே தெரிந்துவைத்திருங்கள்.

கப்பல் நகர்ந்ததும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடல் நெட்வொர்க்கின் கட்டணம் கொள்ளை. ஸ்பெயினில் வாங்கும் சிம் பிரான்ஸ், இத்தாலியில் கூடுதல் ரோமிங் கட்டணமில்லாமல் வேலை செய்யும், கரையில் அது போதும்.

படி 6: ஒரு துறைமுகம், ஒரு இடம்

இங்கேதான் எல்லாரும் ஆசைப்பட்டுத் தடுமாறுகிறார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சிவிட்டாவெக்கியாவில் கப்பல் இரவு ஏழு மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். ஆறரைக்குள் ஏறியிருக்க வேண்டும். ரோமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், நிலையத்திலிருந்து கப்பலுக்குப் பேருந்தில் அரை மணி. ஒரு ரயில் தவறினாலும் தாங்க வேண்டும். அப்படியானால் மூன்றரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். காலையில் போய்ச் சேர்வதையும் கழித்தால், ரோமில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். வாடிகன் அருங்காட்சியகமும் கொலோசியமும் ஒரே நாளில் அடங்காது.

எனவே ஒன்று. வாடிகன் பக்கம் என்றால் ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்குங்கள். கொலோசியம் என்றால் அதே டிக்கெட்டில், பண்டைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் சேரும். அங்கே மாக்ஸெந்தியஸ் மண்டபத்தின் அடியில், டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்கின் சுவடுகள் கிடக்கின்றன. முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகு போய்ச் சேர்ந்த நகரம் அது. நம்மவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் நடுவிலேயே நிற்கும். பாம்பெய் போவதானால் எதிரிலுள்ள முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ பிடித்து கரிபால்டி, அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயில், இறங்குமிடம் 'பாம்பெய் ஸ்காவி'. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பல் மூடிய தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் இன்றும் விரல் நுழையும் ஆழத்தில் இருக்கிறது. தெருவைக் கடக்க உயரமான கற்கள் போட்டு, சக்கரம் போக நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். தொப்பியும் தண்ணீரும் தட்டையான செருப்பும் கட்டாயம்.

வெயில் ஒத்துவராதென்றால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் போதும். மெட்ரோவில் முசேயோ நிலையம். 1938-ல் பாம்பெயில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய தந்தப் பெண் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஜெனோவாவில் பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். கடலைமாவில் செய்த ஃபரினாத்தாவைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், மொறுமொறு ஓரம் அடையை நினைவுபடுத்தும். மார்செயில் துறைமுகம் நகரத்திலிருந்து தள்ளியிருப்பதால் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. ரோமுக்கு மட்டும் அவர்களோடு போவது நிம்மதி. மற்ற ஊர்களில் பணம் வீண். ஒருவருக்குக் களைப்பு என்றால் கப்பலிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் ஊருக்குள் போனபிறகு கப்பலின் நீச்சல்குளம் அத்தனை அமைதி.

படி 7: இறங்கும் நாள்

முந்தின இரவே பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடையையும் மருந்தையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு மூடுங்கள். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க முடிந்தால் முதல் ஆளாக வெளியேறலாம். கப்பலில் கொடுத்த கணக்கு அட்டையில் ஏறிய செலவுகளைக் காலையில் கூட்டம் சேரும் முன்பே சரிபாருங்கள். திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்கு மேல் போட்டால் ஓட வேண்டியிருக்காது.