வாசித்து முடித்த பிறகு பேசுங்கள்: விசுவாசிக்கு ஒரு வாசிப்பு முறை

“இந்த நாவலை ஒரு விசுவாசி வாசிக்கலாமா?” சபையில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. யாரோ கைப்பேசியில் அனுப்பிய ஒரு பத்தியைப் பார்த்திருப்பார்கள். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். நான் போதகர் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரே ஒரு ரசீதைக் காட்டி, “இந்த நிறுவனமே மோசடி” என்று ஒருவர் சொன்னால், “பேரேட்டைக் கொண்டுவாருங்கள்” என்பதுதான் என் பதிலாக இருக்கும். புத்தகங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்லிவருகிறேன்.

முதலில் வேதாகமத்திலேயே பழகுங்கள். துண்டு துண்டாக வாசிக்கும் வழக்கத்துக்குக் கைப்பேசியை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் பிரித்தவை என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் அச்சில் கொண்டுவந்தவர் ரோபேர் எஸ்தியென் என்ற பதிப்பாளர். தேடி எடுக்க நல்ல வசதி. கழற்றி எடுக்கவும் அதே வசதி! பிலிப்பி சபைக்குப் பவுல் அனுப்பியது ஒரு கடிதம். நம் கைக்கு வரும்போது அது 104 வசனங்களாகிவிட்டது.

ஆகவே ஒரு நிருபத்தை எடுத்து, எண்களைக் கண்டுகொள்ளாமல், ஒரே அமர்வில் வாய்விட்டு வாசியுங்கள். பிலேமோனில் தொடங்கலாம், 25 வசனங்கள்தான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு பிலிப்பியர். அடுத்து, விடுமுறை நாளொன்றில் மாற்கு சுவிசேஷம் முழுவதும். வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாவிப்போக முடியாது. நமக்குப் பிடிக்காத வரிகளையும் நம் நாக்கே சொல்லியாக வேண்டும்.

இதனால் என்ன மாறும் என்பதற்கு எரேமியா 29ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 11ஆம் வசனம் இல்லாத வாக்குத்தத்த அட்டைக் கட்டு (வேத வசனங்கள் அச்சிட்ட சிறு அட்டைகள்) இருக்காது: “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” தேர்வு எழுதப் போகிறவருக்கும் வேலை தேடுகிறவருக்கும் இதைத்தான் அனுப்புகிறோம். ஆனால் அந்த அதிகாரம் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்லும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்று அது எச்சரிக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்கிறது. 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்டுக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர், தான் எருசலேமுக்குத் திரும்பப் போவதில்லை என்பதை அந்த ஒரு வரியிலேயே புரிந்துகொண்டிருப்பார். அதற்கு அடுத்த மூச்சில்தான் 11ஆம் வசனம் வருகிறது. முழுக் கடிதத்தையும் வாசித்தவருக்கு அதன் ஆறுதல் குறைவதில்லை. அந்த ஆறுதலுக்கு எவ்வளவு நீண்ட காத்திருப்பு தேவைப்பட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கடிதத்தின் 7ஆம் வசனம் நம் இரண்டாவது பாடத்துக்கு வழிகாட்டுகிறது: சிறையிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் செய்யுங்கள். பட்டணத்தின் நலனைத் தேடுகிறவர் அந்தப் பட்டணம் எதைப் படிக்கிறது, எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எப்படித் தேடுவார்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலும் அவன் தோழர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். ராஜாவின் போஜனத்தை மறுத்தவர்கள் பாடத்தை மறுக்கவில்லை. “உலகப் புத்தகங்கள் வேண்டாம்” என்கிறவர்களிடம் தானியேல் 1ஆம் அதிகாரத்தைக் காட்டினால், பெரும்பாலும் பேச்சு சாப்பாட்டுக்கு மாறிவிடுகிறது.

பவுல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏதென்ஸில் பேசுவதற்கு முன்னால் சுற்றித் திரிந்து, அவர்களுடைய ஆராதனைக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்ததாக அவரே சொல்கிறார். “நாம் அவருடைய சந்ததியார்” என்று அவர் எடுத்துக்காட்டிய வரி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அராத்தஸ் என்ற கிரேக்கப் புலவர் சேயுஸ் தெய்வத்தைப் பற்றிப் பாடியது. அந்தக் கவிதை மொத்தமும் சரி என்று பவுல் சொல்லவில்லை. அதில் எது உண்மை என்று பார்க்கும் அளவுக்கு அதை அறிந்திருந்தார், அவ்வளவுதான். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீன் கதையும் இப்படித்தான். ஞானத்தைத் தேடும் ஆசையை அவருக்குள் முதலில் மூட்டியது கிறிஸ்தவர் அல்லாத ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய ஒரு நூல். அப்போது அவருக்கு 19 வயது. அந்த நூல் இன்று சில துணுக்குகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அது செய்த வேலை மட்டும் நிற்கிறது.

இனி செய்முறை. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். இடது பக்கம் ஆசிரியருக்கு, வலது பக்கம் உங்களுக்கு. வாசிக்கும்போது இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்: இவர் என்ன சொல்கிறார், எதற்குப் பயப்படுகிறார், யார்மேல் இரக்கம் காட்டுகிறார், யாரைக் கேலி செய்கிறார். ஒரு நாவலில் போதகர் பாத்திரம் பேராசைக்காரராக வந்தால், “திருச்சபையைத் தாக்குகிறார்” என்று எழுதாதீர்கள். அது வலது பக்கத்துச் சரக்கு. “ஏழை விதவையிடம் காணிக்கை கேட்டு வாங்கும் போதகர், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகன்” என்று எழுதுங்கள். புத்தகம் முடிந்ததும் அதன் கருத்தை ஒரே வாக்கியத்தில் சுருக்குங்கள். ஆசிரியர் அதைப் படித்தால் “ஆம், இதைத்தான் சொன்னேன்” என்று கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டார் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள். எனக்கு அதிக நேரம் பிடிப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

அதற்குப் பிறகு வலது பக்கம். இங்கே தயக்கம் தேவையில்லை. எங்கே உடன்படுகிறீர்கள், எங்கே இவர் மனிதனைத் தவறாக அளந்துவிட்டார், எந்த இடத்தில் உங்களுக்கு உறுத்தியது, அந்த உறுத்தல் நியாயமானதா என்று எழுதுங்கள். பேராசைக்காரப் போதகரைக் கண்டு கோபம் வந்தால், எசேக்கியேல் 34இல் மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைப் பற்றி வாசித்துவிட்டு வாருங்கள். பல நாவலாசிரியர்கள் அந்தத் தீர்க்கதரிசியைவிட மென்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இருண்ட கதைகளைக் கண்டு பயந்து ஓட வேண்டாம். 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல், “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று முடிகிறது. அதை வேதாகமத்தில் வைத்திருக்கும் நாம், கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் கதைகளை மட்டும் ‘விசுவாசத்துக்கு ஏற்றவை’ என்று சொல்வது வேடிக்கை. உண்மையைச் சொன்னால், பக்திக் கதைகள் என்ற பெயரில் வருபவற்றில் பல என் பொறுமையைச் சோதித்திருக்கின்றன.

எல்லாப் புத்தகத்தையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாசிக்க வாசிக்க மனிதர்களைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குகிறேன் என்று தெரிந்தால் நான் மூடிவைத்துவிடுவேன். ஆனால் மூடிய புத்தகத்தைப் பற்றி, “என்னால் தொடர முடியவில்லை” என்பதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. படங்களுக்கும் தொடர்களுக்கும் இதே விதிதான். கூடுதலாக இரண்டு: வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

எச்சரிக்கைச் செய்திகளுக்கு வருவோம். ரோமில் கத்தோலிக்கத் திருச்சபை 1559இல் வெளியிட்ட தடை நூல் பட்டியல் 1966இல் நடைமுறையிலிருந்து நீங்கியது. அந்த வேலையை இப்போது எல்லாச் சபையாரும் இலவசமாகச் செய்கிறோம். “பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக” என்ற கட்டளையில் எழுத்தாளர்களுக்கு விலக்கு கொடுக்கப்படவில்லை. வாசிக்காத புத்தகத்தைப் பற்றி, அதில் இன்னது இருக்கிறது என்று அனுப்புவது பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிதான். அப்படி ஒன்று வந்தால், “நீங்கள் வாசித்தீர்களா, எந்தப் பக்கம்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். குழுவில் சில நாள் அமைதி நிலவும். பரவாயில்லை.

எதை வாசிப்பது என்பதற்குக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் சொன்ன ஓர் அளவு உதவும்: ஒரு புதிய புத்தகத்தை முடித்தால், ஒரு பழைய புத்தகத்தை வாசிக்காமல் இன்னொரு புதியதைத் தொடாதே, முடியாவிட்டால் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதாவது. 4ஆம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய நூல் ஒன்றுக்கு அவர் எழுதிய முன்னுரையில் இது இருக்கிறது. பழையவர்களும் தவறு செய்தார்கள், ஆனால் நம் தவறுகளைச் செய்யவில்லை என்பது அவர் வாதம். நான் மூன்றுக்கு ஒன்று என்ற கட்சி.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தால், பிடுங்காதீர்கள். அவர்கள் முடித்ததும் கடன் வாங்கி நீங்களும் வாசியுங்கள். பிறகு பேசுங்கள். “இது சரியா?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “உனக்கு எந்த இடம் பிடித்தது?” என்று கேட்டு, அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நோட்டின் வலது பக்கத்தை அவர்கள் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.