இரத்தப் பரிசோதனையும் உணவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிசோதனைக்கு நாள் குறித்தவுடன் பலரும் இனிப்பையும் பலகாரத்தையும் நிறுத்தி, இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, மூன்று நான்கு நாள்களுக்குக் கடும் பத்தியம் இருப்பார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு விழித்துப் படிப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் ஓரளவு இறங்கிவிடும். ஆனால் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலவரத்தையே காட்டும். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து மாத்திரையின் அளவு முடிவு செய்யப்பட்டால், அது அந்த நான்கு நாள் உணவுக்குப் பொருந்துமே தவிர, ஆண்டு முழுவதும் உண்ணும் உணவுக்குப் பொருந்தாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. அரிசியையும் கோதுமையையும் அறவே விட்டுப் பேலியோ உணவுமுறையில் இருப்பவர், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு அப்படியே போனால், நீரிழிவு இல்லாதபோதும் சர்க்கரை மிகையாகத் தெரியக்கூடும். மாவுச்சத்து குறைந்த உணவுக்குப் பழகிய உடல், திடீரென வரும் குளுக்கோஸை உடனடியாகக் கையாள்வதில்லை. அதனால்தான் அந்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள்களிலும் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்கிறார்கள்.

வெறும் வயிறு என்பதற்குத் தண்ணீரும் கூடாது என்று பொருள் கொள்வது தவறு. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடிக்காமல் போனால் இரத்தம் செறிவடைந்து யூரியா, ஆல்புமின், ஹீமோகுளோபின் ஆகியவை சற்று உயர்ந்து தெரியும், ஊசி குத்த நரம்பும் எளிதில் அகப்படாது. பால் சேர்த்த காப்பி, சர்க்கரை போடாவிட்டாலும், உணவாகவே கணக்கில் வரும். சர்க்கரைக்கு 8 மணி நேரமும், கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 9 முதல் 12 மணி நேரமும் போதும். மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பதினொரு மணிக்குக் கை நீட்டினால் பதினாறு மணி நேரப் பட்டினியாகிறது. அதனால் சிலருக்கு, மஞ்சள் காமாலையைக் கண்டறியப் பார்க்கும் பிலிருபின் உயரும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும்.

சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரம் என்பதை, கை கழுவிய நேரத்திலிருந்து அல்லாமல் முதல் வாய் உண்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். வழக்கமாக ஐந்து இட்லி சாப்பிடுபவர் அன்று மட்டும் இரண்டோடு எழுந்துவிடுவதும், மருத்துவர் சொல்லாமலேயே அந்த வேளை மாத்திரையை விட்டுவிடுவதும் அந்த எண்ணைப் பயனற்றதாக்கிவிடும்.

கொழுப்பு அறிக்கையில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. பல பரிசோதனைக் கூடங்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு நேரடியாக அளக்கப்படுவதில்லை; மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடப்படுகிறது. மொத்தம் 200, ஹெச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 130. பிரியாணிக்குப் பின் டிரைகிளிசரைடு 250 ஆகி, மற்றவை மாறாமல் இருந்தால் அதே மனிதரின் எல்டிஎல் 110 என்று அச்சாகும். விருந்து சாப்பிட்டதால் கெட்ட கொழுப்பு குறைந்ததாகத் தோன்றும் விந்தை இது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. டிரைகிளிசரைடு கூடியிருக்கிறது என்றதும் தேங்காயையும் முட்டையின் மஞ்சள் கருவையும் மட்டும் ஒதுக்கிவிட்டு, குவியலாகச் சோறும் மைதாவும் சர்க்கரையும் மதுவும் தொடர்பவர்கள், அதை உயர்த்தும் முக்கியக் காரணங்களைத் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

முடி உதிர்வுக்காக எடுக்கும் பயோட்டின் மாத்திரையை யாரும் பரிசோதனைக் கூடத்தில் சொல்வதில்லை. நாள் ஒன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமான இந்த வைட்டமின், அம்மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் அளவில்கூட இருக்கும். தைராய்டு பரிசோதனை முறைகள் சில பயோட்டினையே கருவியாகப் பயன்படுத்துவதால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 பொய்யாக உயர்ந்தும் தெரிந்து, இல்லாத நோய்க்குச் சிகிச்சை தொடங்க நேரலாம். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துவது நல்லது.

முந்தைய இரவு ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்தவருக்கு, சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் சற்று உயரக்கூடும். சமைக்கும்போது இறைச்சியிலுள்ள கிரியேட்டின் கிரியேட்டினினாக மாறுவதே காரணம். ஒரே அறிக்கையைக் கண்டு சிறுநீரகம் பழுதென்று அஞ்ச வேண்டாம், இறைச்சி உண்ணாத நாளில் மீண்டும் பார்க்கலாம்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளதால், இரும்புச்சத்தைப் பற்றிய தவறுகளே மிகுதியானவர்களைப் பாதிக்கின்றன. இரும்புச்சத்துக் குறைபாடு ஹெச்பிஏ1சியைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், காய்ச்சலின்போது தானாகவே ஏறி, குறைபாட்டை மறைத்துவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அதன் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் சேர்வது கூடும். ஹீமோகுளோபின் இயல்பை எட்டியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்குச் சில மாதங்களில் சோகை திரும்புவது இதனால்தான்: இரத்தம் நிறைந்த பிறகே சேமிப்பு நிரம்பத் தொடங்கும், அதற்கு மேலும் மூன்று மாதங்களாவது ஆகும்.